கடைக் கணக்கும் ஊர்க் கணக்கும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குரிய பாடம்)

கிராமத்தில் கடை வைத்து நேர்மையாக வியாபாரம் நடத்துகிறவரிடம், தேர்தல் காலம் நெருங்கும்போது நாலு பேர் சேர்ந்து வந்து, “கடையை இவ்வளவு ஒழுங்காக நடத்துகிறீர்களே, ஊர்க் காரியத்தையும் நீங்களே ஏற்று நடத்தலாகாதா?” என்று கேட்பது உண்டு. கேள்வி நியாயமானதே. அவர் அன்றாட வரவு செலவை அன்றன்றே சிட்டாவில் பதிகிறவர். ரொக்க இருப்பைக் கல்லாப்பெட்டியோடு ஒத்துப்பார்த்த பிறகே கதவைச் சாத்துகிறவர். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாகாது என்பதைப் பழக்கத்தால் அறிந்தவர். இப்படிப்பட்டவர் பஞ்சாயத்துக்குப் போனால் பொதுப்பணம் பாழாகாது என்று ஜனங்கள் எண்ணுவது இயல்பு. ஐக்கிய நாணய சங்கங்களின் நிர்வாகத்துக்கும் இத்தகையவர்களைத் தேடிப் பிடிப்பது வழக்கமே.

ஆயினும் கடைக் கணக்கு வேறு, ஊர்க் கணக்கு வேறு. முன்னதில் தேர்ந்தவர் பின்னதிலும் தாமாகவே தேர்ந்துவிடுவார் என்று கொள்வது பிழை. கடையிலிருந்து எந்தப் பழக்கத்தைச் சபைக்கு எடுத்துச் செல்ல வேண்டும், எதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அறிவதே காரியம். அதைக் காட்டுவதற்கு ஏற்ற சரித்திரம் ஒன்று உண்டு. அது இங்கிலாந்து தேசத்துப் பர்மிங்ஹாம் நகரத்தின் சரித்திரம். அந்நகரத்தில் முதலில் சிறு வியாபாரிகள் கூடிச் சபையை நடத்தினார்கள்; பின்னர்ப் பெரிய தொழில் வியாபாரி ஒருவர் நடத்தினார். இரு சாராரும் கணக்கறிந்தவர்களே. ஒரு சாராருடைய கணக்கு நகரத்தை நோயில் ஆழ்த்திற்று. மற்றவருடைய கணக்கு அதைக் கரையேற்றிற்று. அக்கணக்கிலும் ஒரு குறை இருந்தது. மூன்றையும் முறையாகப் பார்ப்போம்.

1. பட்டறைகளின் நகரம்

பர்மிங்ஹாம் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ளது. பொத்தான், பேனா முள், துப்பாக்கி, பித்தளைச் சாமான் முதலியவற்றைச் செய்யும் சிறு பட்டறைகள் நிறைந்த ஊர் அது. ஒரு வீட்டின் பின்கட்டிலேயே நாலைந்து ஆட்களை வைத்துக்கொண்டு தொழில் செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்காரர்களும் அவ்வாறே பலர். ஜனத்தொகை வெகுவேகமாகப் பெருகிற்று. 1841-ம் வருஷத்தில் சுமார் 1,83,000 பேர் இருந்தனர். 1871-ம் வருஷத்தில் அத்தொகை 3,43,000-க்கு மேற்பட்டுவிட்டது. முப்பதே வருஷங்களில் ஊர் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது.

1835-ம் வருஷத்து நகரசபைச் சட்டத்தின்படி 1838-ம் வருஷத்தில் பர்மிங்ஹாமுக்கு நகரசபை கிடைத்தது. ஆனால் தெரு, சாக்கடை, விளக்கு முதலிய காரியங்கள் தெருக் கமிஷனர்கள் என்னும் பழைய குழுவினர் வசமே இருந்தன. 1851-ம் வருஷத்தில் நிறைவேறிய நகர அபிவிருத்திச் சட்டம் அக்குழுவை நீக்கி, 1852-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் சகல அதிகாரங்களையும் நகரசபைக்கே கொடுத்தது. சபையில் 64 அங்கத்தினர்கள்: 48 கவுன்சிலர்கள், 16 ஆல்டர்மென்கள். ராச்டேல் நகரத்து நெசவாளிகள் 1844-ம் வருஷத்தில் தங்கள் ஐக்கியக் கடையைத் திறந்ததைப் பற்றி ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் அறிந்திருப்பார்கள். இங்கே சொல்லப்படுவதும் அதே தலைமுறையின் கதையே.

அக்காலத்தில் நகரத்தின் நிலை எப்படி இருந்தது? 1849-ம் வருஷத்தில் ராபர்ட் ராலின்ஸன் என்னும் சுகாதார இன்ஸ்பெக்டர் சர்க்காருக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். ஒரு குறுகிய வாயிலின் வழியாக உள்ளே சென்றால், நடுவில் ஒரு முற்றமும் அதைச் சுற்றிலும் நெருக்கமாகக் கட்டிய சிறு வீடுகளும் காணப்படும். இத்தகைய முற்றங்கள் அந்நகரத்தில் சுமார் 2,000 இருந்தன. கழிவுநீர் போக வழியில்லை; பல முற்றங்களுக்குத் தளவரிசையும் இல்லை. கக்கூஸும் குடிநீர்க் கிணறும் ஒரே முற்றத்தில் அருகருகே இருந்தன. அதிகாரம் கைக்கு வந்தபோது நகரசபையின் முன் நின்ற வேலை இதுதான்.

2. சிக்கனக் கட்சியார்

வேலைக்குப் பணம் வேண்டும். பணம் வரியிலிருந்து வர வேண்டும். அங்கே நகர வரியைக் கட்டிடத்தின் வாடகை மதிப்பைக் கொண்டு விதிப்பார்கள். வாடகை மதிப்பில் ஒவ்வொரு பவுனுக்கும் இத்தனை பென்னி என்று கணக்கு. பெரும் பணக்காரருக்கு ஒரு பென்னி உயர்வது பொருட்டன்று. கடையும், அதோடு வாடகைக்கு விட்ட இரண்டு மூன்று சிறு வீடுகளும் உடைய ஒரு வியாபாரிக்கோ அது உடனே உறைக்கும். வியாபாரம் மந்தமாக இருக்கும் வருஷத்தில் வரி உயர்ந்தால் அவர் கலங்குவது இயற்கையே.

ஆகவே 1850-களில் சிறு வியாபாரிகள் பலர் ஒன்றுகூடி, “வரியை உயர்த்தலாகாது, செலவைச் சுருக்க வேண்டும்” என்னும் ஒரே கோரிக்கையோடு சபைக்குள் புகுந்தார்கள். ஊரார் அவர்களைச் சிக்கனக் கட்சியார் என்றே அழைத்தனர். அவர்களுக்குத் தலைவராக நின்றவர் ஜோசப் ஆல்டே என்பவர். ஈஸி ரோ என்னும் வீதியில் ‘உட்மன்’ என்ற பெயருள்ள மதுக்கடை ஒன்று இருந்தது. சபையில் மறுநாள் என்ன தீர்மானம் நிறைவேற வேண்டுமென்பது அந்தக் கடையில்தான் முடிவாகும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

இவர்களைத் தீயவர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. 1853-ம் வருஷத்தில் நகரச் சிறைச்சாலையில் கைதிகள் கொடுமையாக நடத்தப்பட்டார்கள். 15 வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே தூக்கிட்டு உயிர்விட்டான். அப்போது விசாரணை வேண்டுமென்று ஓயாமல் வற்புறுத்தியவர்களில் ஆல்டே முக்கியமானவர். விசாரணை நடந்தது, கொடுமையும் வெளிப்பட்டது. பொதுப்பணத்தில் ஒரு காசு தவறாகப் போனாலும் கேட்கும் கண்டிப்பு அவர்களிடம் இருந்தது. அது மெச்சத்தக்க குணமே. கடையில் கற்ற நற்குணம் அது.

ஆனால் அவர்களுடைய கணக்கில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது. அதன் பெயர் செலவு. எது குறைந்தால் செலவு குறையுமோ அதையெல்லாம் குறைத்தார்கள். மேலும் கடன் வாங்கிச் சாக்கடை வேலைகளை முடிப்பதற்கு அதிகாரம் கோரிய மசோதா 1855-ம் வருஷத்தில் வரி செலுத்துவோரின் எதிர்ப்பால் வீழ்ந்தது. ஜான் பிகட் ஸ்மித் என்பவர் தெருக் கமிஷனர்கள் காலம் முதல் நகரத்தின் சர்வேயராக இருந்தவர்; பூமிக்கடியில் சாக்கடை எங்கே போகிறது என்பதை அறிந்தவர். 1857-ம் வருஷத்தில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதனால் சம்பளச் செலவு குறைந்தது; அதோடு அவருடைய அனுபவமும் நகரத்தை விட்டுப் போயிற்று.

3. செய்யாத செலவின் விலை

கடைக்காரர் ஒரு மாதம் வெள்ளையடிக்காமல் இருந்தால் அந்த மாதத்துச் செலவு மிச்சந்தான். கடையின் கூரை ஒழுகுவதைப் பழுது பார்க்காமல் விட்டாலோ, மிச்சமானதைவிட அதிகமான சரக்கு நனைந்து கெட்டுப்போகும். இதை எந்தக் கடைக்காரரும் அறிவார். ஊர் விஷயத்தில் இது அவருக்குப் புலப்படாமல் போவதேன்? கடையில் நனைவது அவருடைய சரக்கு. ஊரிலோ நனைவது வேறொருவருடைய குடிசை. நஷ்டம் அவருடைய சிட்டாவில் பதியாது. அதுவே வித்தியாசம்.

பர்மிங்ஹாமில் செய்யாத செலவுக்கு மூன்று வகையில் விலை கொடுக்க நேர்ந்தது.

முதலாவது, வழக்கு. நகரத்தின் கழிவுநீர் சுத்தி செய்யப்படாமல் டேம் என்னும் ஆற்றில் விடப்பட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் உடைய ஆடர்லி என்னும் பெரிய நிலச்சுவான்தார் நியாயஸ்தலத்துக்குப் போனார். 1858-ம் வருஷத்தில் நியாயஸ்தலம் நகரசபைக்கு விரோதமாகத் தடையுத்தரவு பிறப்பித்தது. இரண்டரை லட்சம் ஜனங்களின் சுகத்துக்காகச் செய்தது என்று சபையார் சொன்ன சமாதானம் ஏற்கப்படவில்லை. ஊர் பெரிதாயிருப்பதால் அடுத்தவன் தண்ணீரைக் கெடுக்கும் உரிமை அதற்கு வந்துவிடாது என்பதே தீர்ப்பின் கருத்து. இந்தத் தகராறு பல வருஷம் நீடித்தது. கடைசியில், சுற்று வட்டார ஸ்தாபனங்களோடு சேர்ந்து கழிவுநீரைக் கவனிப்பதற்கென்று 1877-ம் வருஷத்தில் தனிச்சபை ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

இரண்டாவது, காலம். லிவர்பூல் நகரத்தில் 1847-ம் வருஷத்திலேயே சுகாதார அதிகாரியாக ஒரு டாக்டரை நியமித்துவிட்டார்கள். பர்மிங்ஹாமில், 1872-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் கட்டாயப்படுத்தும் வரையில் அத்தகைய அதிகாரி நியமிக்கப்படவில்லை. ஒரு டாக்டருடைய சம்பளம் 25 வருஷம் மிச்சமாயிற்று.

மூன்றாவது, உயிர். நகரத்தின் நடுவே பிற்காலத்தில் இடிக்கப்பட்ட நெரிசலான வீதிகளில், 1873 முதல் 1875 வரையில் வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு 53 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தனர். ஆயிரம் பேர் உள்ள ஒரு கிராமத்தை மனத்தில் நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் பொருள் விளங்கும். வாரத்துக்கு ஒரு பிணம் அந்த ஊரிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும். அடுத்த வருஷமும் அப்படியே போகும். சிக்கனக் கட்சியாருடைய வரவு செலவுத் திட்டத்தில் இந்தச் செலவு எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத செலவையும் யாரோ ஒருவர் கொடுத்தே தீர வேண்டும். அங்கே அதைக் கொடுத்தவர்கள் முற்றங்களில் குடியிருந்த ஏழைகள்.

4. திருகாணி வியாபாரி சபைக்கு வந்தது

1859-ம் வருஷத்தோடு ஆல்டேயின் ஆதிக்கம் முடிந்தது. அடுத்த பத்து வருஷங்களில் நகரத்தாரின் எண்ணம் மெல்ல மாறத் தொடங்கிற்று. ஜார்ஜ் டாஸன் என்னும் பிரசங்கியார், நகரம் என்பது வரி வசூலிக்கும் யந்திரமன்று, ஒருவர் நலத்தை ஒருவர் பேணுவதற்கென்று ஏற்பட்ட கூட்டுக் குடும்பம் போன்றது என்னும் கருத்தை ஓயாது போதித்து வந்தார். அவருடைய உபதேசத்தைக் கேட்ட வியாபாரிகளும் தொழில் முதலாளிகளும் சபைக்கு வரத் துணிந்தனர். தராசு செய்யும் ஆவெரி கம்பெனியைச் சேர்ந்த தாமஸ் ஆவெரி 1867-ம் வருஷத்தில் மேயரானார். அந்தப் பெயர் பொறித்த தராசுகள் இந்நாட்டுக் கடைகளிலும் புழங்கியவை.

அவருக்குப் பின் வந்த ஜோசப் சேம்பர்லின் என்பவரே இப்பாடத்துக்கு முக்கியமானவர். 1836-ம் வருஷத்தில் லண்டனில் பிறந்த இவருடைய தகப்பனார் செருப்பு வியாபாரி. சேம்பர்லின் 16-வது வயதில் தகப்பனார் தொழிலில் நுழைந்து, 18-வது வயதில், அதாவது 1854-ம் வருஷத்தில், பர்மிங்ஹாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருடைய உறவினரான நெட்டில்போல்டு என்பவர் மரத்தில் முடுக்கும் திருகாணிகளைச் செய்துவந்தார். கூர்முனைத் திருகாணி செய்யும் அமெரிக்க யந்திரத்தின் உரிமையை வாங்குவதற்குச் சேம்பர்லினுடைய தகப்பனார் பணம் போட்டிருந்தார். அந்தப் பணத்தைக் கவனித்துக்கொள்ளவே பையன் அனுப்பப்பட்டான். கணக்கும் விற்பனையும் அவன் பொறுப்பாயின. ஸ்தாபனம் நாளடைவில் மிகப் பெரிதாயிற்று. ஆகவே இவரைச் சிறு வியாபாரி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மேசையடியில் உட்கார்ந்து கணக்கெழுதித் தொழில் கற்றவர்.

1869-ம் வருஷம் நவம்பர் மாதம் இவர் கவுன்சிலரானார். 1873-ம் வருஷத்தில் மேயரானார். அதற்கடுத்த 1874-ம் வருஷத்தில், தொழிலிலிருந்த தம் பங்கை விற்றுவிட்டு வியாபாரத்தினின்றும் அடியோடு விலகினார். அங்கத்தினர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நகரசபையோடு ஒப்பந்தத்தில் நேராகவோ மறைவாகவோ பங்குடையவர் கவுன்சிலராக இருக்கலாகாது என்று 1835-ம் வருஷத்துச் சட்டமே விதித்திருந்தது. தொழிலையே விட்டுவிட வேண்டுமென்று சட்டம் கேட்கவில்லை. எனினும் நகரத்தின் வேலை முழுநேர வேலையாயிற்று. ஒரு கையில் கடைச் சாவியும் மறு கையில் ஊர்ச் சாவியும் வைத்துக்கொள்வது அவருக்கு இயலாததாயிற்று.

5. காஸும் தண்ணீரும்

அக்காலத்தில் தெருவிலும் வீட்டிலும் காஸ் விளக்கே எரிந்தது. இரண்டு தனிக் கம்பெனிகள் காஸை உற்பத்தி செய்து விற்றுவந்தன. சேம்பர்லின் அவ்விரண்டையும் நகரசபையே விலைக்கு வாங்கிவிட வேண்டுமென்று 1874-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். விலைபேசியவரும் அவரே. மொத்த விலை 19,53,050 பவுன். வரியில் ஒரு பென்னி உயர்வதற்கு அஞ்சிய நகரம், ஏறக்குறைய இருபது லட்சம் பவுன் கடன் ஏற்பதற்குச் சம்மதித்தது எவ்வாறு?

அவர் காட்டிய கணக்கு எளியது. கடனில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தின்றுவிட்டு மறக்கும் கடன். மற்றொன்று, தன் வட்டியைத் தானே சம்பாதித்துக் கொடுக்கும் கடன். கல்யாணச் செலவுக்கு வாங்கும் கடனையும் கிணறு வெட்ட வாங்கும் கடனையும் ஐக்கிய நாணய சங்கம் ஒன்றாகக் கருதுவதில்லை. காஸ் ஸ்தாபனம் தண்ணீர் ஊறும் கிணறு போன்றது. மேலும், தனிக் கம்பெனியின் பங்குதாரர் கேட்கும் லாபத்தைவிட மிகவும் குறைந்த வட்டிக்கு நகரத்துக்குக் கடன் கிடைக்கும். ஏனெனில் நகரம் முழுவதின் வரி வருமானமும் அதற்குப் பிணை. பலர் கூடிப் பொறுப்பேற்றால் வட்டி குறையும் என்னும் இந்தத் தத்துவமே ஐக்கிய நாணய சங்கத்தின் அஸ்திவாரமும் ஆகும்.

கணக்குப் பலித்தது. நகரசபை ஏற்று நடத்திய முதல் வருஷத்திலேயே காஸில் 34,000 பவுன் லாபம் கிடைத்தது. பிற்காலத்தில் அந்த லாபத்தைக் கொண்டு நகரத்துக்கு ஒரு சித்திரசாலையும் கட்டினார்கள். 1885-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட அது, காஸ் இலாகாவின் காரியாலயத்தின் மேல்தளத்திலேயே அமைந்தது.

அடுத்தது தண்ணீர். நகரத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிணற்றுத் தண்ணீரையே குடித்தனர். அக்கிணறுகளில் பலவற்றில் சாக்கடை நீர் கசிந்திருந்தது. குழாய்த் தண்ணீர் விற்ற கம்பெனி வாரத்தில் மூன்று நாள் மட்டுமே தண்ணீர் விட்டது. அந்தக் கம்பெனியையும் நகரசபை 13,50,000 பவுனுக்கு வாங்கி, 1876-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஏற்றுக்கொண்டது.

இங்கேதான் அந்த வியாபாரி கடைக் கணக்கை விட்டு ஊர்க் கணக்குக்கு வந்ததைக் காணலாம். காஸில் லாபம் எடுப்பது சரி என்றார். தண்ணீரில் லாபம் எடுப்பது தகாது என்றார். விளக்கு வசதி; தண்ணீர் உயிர். தண்ணீருக்குரிய லாபம் ஜனங்களின் ஆரோக்கியமே என்பதைப் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன்பும் எடுத்துரைத்தார். கடைக்காரர் எந்தச் சரக்கிலும் லாபம் வைத்தே விற்பார். அது அவருடைய தர்மம். ஊரை ஏற்றவரோ எதில் லாபம் வைக்கலாம், எதை அடக்க விலைக்கே கொடுக்க வேண்டும் என்று பிரித்தறிய வேண்டும். முன்னே செலவை மட்டும் எழுதிய கணக்கில் இப்போது இரண்டாவது பத்தி ஒன்று ஏறிற்று.

6. இந்தக் கணக்கிலும் ஒரு குறை

1875-ம் வருஷத்தில் தொழிலாளர் குடியிருப்பு அபிவிருத்திச் சட்டம் நிறைவேறியது. அதை ஆதாரமாகக் கொண்டு, நகரத்தின் நடுவே சுமார் 50 ஏக்கர் பரப்புள்ள நெரிசலான வீதிகளை வாங்கி இடித்துவிட்டு, கார்ப்பொரேஷன் வீதி என்னும் அகன்ற வீதியை அமைப்பதற்கு ஏற்பாடு நடந்தது. சேம்பர்லின் தம் சொந்தப் பணத்தில் 10,000 பவுன் கொடுத்தார். புதிய வீதியின் மனைகள் விற்கப்படவில்லை; 75 வருஷக் குத்தகைக்கே விடப்பட்டன. குத்தகை தீர்ந்ததும் மனையும் அதன்மேல் எழும்பிய கட்டிடமும் நகரத்துக்கே திரும்பிவிடும். பேரப்பிள்ளைகளின் காலத்தையும் கணக்கிட்ட ஏற்பாடு இது.

முன்னர்ச் சொன்ன அந்த வீதிகளின் சாவு விகிதம், 1879 முதல் 1881 வரையில், ஆயிரத்துக்கு 21 என்னும் அளவுக்கு இறங்கிற்று. 53 எங்கே, 21 எங்கே? வரி கொடுத்தவர்கள் தாம் கொடுத்ததற்கு ஈடாகப் பெற்றது இதுவே.

ஆனால் உண்மையை முழுதும் சொல்ல வேண்டும். இடிக்கப்பட்ட வீடுகளில் குடியிருந்த ஏழைகளுக்கு ஈடாகக் கட்டப்பட்ட வீடுகள் மிகச் சிலவே. பெரும்பாலோர் அக்கம்பக்கத்து வீதிகளில் போய் நெருங்கிக்கொண்டார்கள். புதிய வீதியில் பெரிய கடைகள் எழும்பின; வியாபாரம் தழைத்தது. சாவு விகிதம் இறங்கியதற்கும் அங்கிருந்த ஏழைகள் வேறிடம் போனது ஒரு காரணமாயிருந்திருக்கக்கூடும். வியாபாரி அமைத்த நகரம் வியாபாரத்துக்கு முதலிடம் கொடுத்தது. சிறு வியாபாரிகள் ஏழையின் நோயைக் கணக்கில் எழுதவில்லை. பெரிய வியாபாரி அதை எழுதினார். ஆனால் ஏழையின் வீட்டை எழுத மறந்தார்.

1876-ம் வருஷம் ஜூன் மாதம் சேம்பர்லின் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மேயர் பதவியினின்று விலகினார். பிற்காலத்தில் குடியேற்ற நாட்டு மந்திரியாகி, தென்னாப்பிரிக்க யுத்தத்தில் அவர் கொண்ட பங்கு பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அது வேறு சரித்திரம். இங்கே அங்கத்தினர்கள் கொள்ள வேண்டியது அந்த மூன்று வருஷ நகர நிர்வாகத்தின் பாடமே.

7. கிராமத்துக்குரிய படிப்பினைகள்

பர்மிங்ஹாம் பெருநகரம், நம் கிராமம் சிறியது. எனினும் கடையிலிருந்து சபைக்குப் போகிறவருடைய மனம் எங்கும் ஒரே விதமானது. ஆகவே அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் வைக்க வேண்டும்.

முதற் படிப்பினை. கடைக்காரர் தம்மோடு கொண்டுபோக வேண்டியது சிட்டா எழுதும் பழக்கம். பொதுப்பணத்துக்கு அன்றன்று கணக்கும், ரசீதும், இருப்புச் சரிபார்ப்பும் இல்லாவிட்டால் மற்றெந்தத் திறமையும் பயன்படாது. இதில் சிக்கனக் கட்சியாரைப் பின்பற்றுவது நன்றே.

இரண்டாவது. “எவ்வளவு மிச்சம்?” என்று கேட்ட பிறகு, “இந்த மிச்சத்தை யார் கொடுத்தார்கள்?” என்றும் கேட்க வேண்டும். குடிநீர்த் தொட்டியைக் கழுவாததால் மிச்சமான கூலியை ஒரு தாய் தன் குழந்தையின் வைத்தியச் செலவாகக் கொடுத்திருக்கலாம். சேரித் தெருவுக்குச் சாக்கடை போடாததால் மிச்சமான பணத்தை அத்தெருவார் தங்கள் கூலி நாட்களை இழந்து கொடுத்திருக்கலாம். அது வரியே, வரி என்ற பெயர் மட்டும் அதற்கு இல்லை.

மூன்றாவது. கடனைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். வாங்கிய கடன் எத்தனை வருஷத்துக்கு உழைக்கும், அத்தனை வருஷத்துக்குள் அது தீர்ந்துவிடுமா என்று பார்க்க வேண்டும். கடன் பத்திரம் உயிரோடிருக்கும்போதே சாமான் செத்துவிட்டால் அது கெட்ட கடன்.

நான்காவது. கடைக்கும் பதவிக்கும் நடுவே சுவர் வேண்டும். பஞ்சாயத்துக்குச் சிமெண்டும் விளக்கும் வாங்க வேண்டியிருக்கையில், தலைவருடைய கடையிலேயோ அவர் மைத்துனர் கடையிலேயோ வாங்கினால், விலை நியாயமாகவே இருந்தாலும் ஊர் நம்பாது. பஞ்சாயத்து ஒப்பந்தத்தில் அங்கத்தினருக்குப் பங்கு இருக்கலாகாது என்பது சட்டத்தின் நோக்கம். அதற்கு மேலும் ஒரு படி விலகி நிற்பதே மரியாதை. அதே விதமாக, கடையில் தமக்குக் கடன்பட்டிருப்பவரிடம் வாக்குக் கேட்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். கடன் பேரேட்டைக் காட்டி வாங்கும் வாக்கு வாக்கு அன்று; அது வட்டி.

ஐந்தாவது. தீர்மானம் உட்மன் மதுக்கடையில் பிறக்கலாகாது. இந்நாட்டில் 1993-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு ஆதாரம் அளித்திருக்கிறது. வாக்காளர் ஜாபிதாவில் பெயருள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் அங்கத்தினர். கடைத் திண்ணையில் நாலு பேர் முடிவு செய்ததை அங்கே வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்குவது சபை நடத்துவதாகாது. கணக்கை வாசித்து, கேட்பவருக்கு விடை சொல்லி, மறுப்பவருடைய மறுப்பையும் எழுதிக்கொள்வதே சபை. இடிக்கப்படும் வீட்டுக்காரர் அங்கே எழுந்து நின்று, “எனக்கு எந்த இடம்?” என்று கேட்டால், அந்தக் கேள்வியும் கணக்கில் ஏறும். பர்மிங்ஹாமில் ஏறாமல் போனது அதுவே.

ஆகவே நல்ல கடைக்காரர் ஒருவரை ஊர் அழைக்குமானால் அவர் தயங்க வேண்டியதில்லை. ஊரும் தயங்க வேண்டியதில்லை. அவர் தம் சிட்டாவைக் கொண்டு போகட்டும். அதில் ஒரு புதிய பத்தியை மட்டும் கோடிட்டுக்கொள்ளட்டும். கடைச் சிட்டாவில் தமக்கு வந்ததும் தம்மிடமிருந்து போனதும் இருக்கும். புதிய பத்தியில் ஊராருக்கு வந்ததும் ஊராரிடமிருந்து போனதும் எழுதப்பட வேண்டும். அந்தப் பத்தியையும் அன்றன்று நிரப்புகிறவரே ஊர்க் கணக்கு அறிந்தவர்.

வினாக்கள்

(சங்கக் கூட்டத்தில் வாசித்து விவாதிப்பதற்கு)

1. சிக்கனக் கட்சியாரிடம் மெச்சத்தக்க குணம் யாது? அவர்கள் கணக்கில் விடுபட்டது யாது?

2. உங்கள் ஊரில் சென்ற வருஷம் செய்யாமல் விட்ட பொதுச் செலவு ஒன்றைக் கூறுக. அதன் விலையை யார் கொடுத்தார்கள்?

3. காஸில் லாபம் எடுக்கலாம், தண்ணீரில் எடுக்கலாகாது என்று பிரித்ததன் காரணம் என்ன? உங்கள் சங்கம் விற்கும் சாமான்களை இவ்வாறு இரு வகையாகப் பிரிக்க முடியுமா?

4. கிணறு வெட்டும் கடனுக்கும் காஸ் ஸ்தாபனம் வாங்கிய கடனுக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.

5. பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கடைக்காரர், தம் கடை விஷயத்தில் கைக்கொள்ள வேண்டிய விதிகள் மூன்றைச் சங்க அங்கத்தினர்கள் சேர்ந்து வகுக்கவும்.